இரண்டு முறை வெட்டிய குடல்வால்

நல்லம்மாளோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் என் எரிச்சல் புரியும். 1982இல் நாங்கள் இருவரும் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நான் ஆஸ்பத்திரியில் உதவித் தாதி. அவள் அங்கேயே பதிவேட்டு அறையில் கோப்பு எடுத்துத் தரும் தற்காலிக ஆள். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் முப்பத்தொரு வயதில் ஈப்போவுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நான் காலேஜில சேந்துட்டேன்" என்றாள் ஒரு நாள். கடைவீட்டு மாடியில் மாலை வகுப்பு. எல்லா நோய்க்கும் ஓர் எண் உண்டு. டாக்டர் எழுதியதைப் படித்து அந்த எண்ணைக் கோப்பின் முகப்பில் போட வேண்டும். படிப்பு அவ்வளவுதான். சான்றிதழ் கிடைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் 1983 டிசம்பரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை எனக்கில்லை. தலையணை கனத்தில் இரண்டு புத்தகங்கள் அதில் குடியேறின. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். அதையும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

"அக்கா, ஒங்க மூலத்துக்கு 455."

"சோத்தைத் தின்னுடி முதல்ல."

கடைசித் தேர்வுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது பழைய கோப்புகள் கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை படித்துக் குறிப்பெடுப்பது, அடுத்த சனிக்கிழமை எண் போடுவது. முப்பத்தொன்பதை முடித்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். செல்லாயி என்ற பெண்ணின் கோப்பு. 1978இல் குடல்வாலை வெட்டி எடுத்திருந்தார்கள். 1983 பிப்ரவரியில் அதே குடல்வாலை மறுபடியும் எடுத்திருந்தார்கள்.

"டாக்டரு தப்பா எழுதியிருப்பாரு. ரெண்டுக்கும் 540 போட்டுட்டு வா" என்றேன்.

"தப்பு இல்லக்கா. இது ரெண்டு ஆளு. நம்ம தோட்டத்து வேல இது."

அவள் சொன்னது எனக்கும் தெரியும். தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் பேர் இருந்தால்தான் கணக்கெழுதும் கிராணி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலருக்கு வேலை பெர்மிட் கிடையாது, பட்டியலில் பேரும் கிடையாது. நோய் வந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் கடிதத்தையும் குடியுரிமை நீல அட்டையையும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அட்டையில் இருக்கும் படத்தை யார் உற்றுப் பார்த்தார்கள்?

வாரத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சுங்காயில் இறங்கி, கோப்பிலிருந்த விலாசத்தைத் தேடி வெயிலில் இரண்டு மைல் நடந்தோம். செல்லாயி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு ரெண்டாந் தடவ வயித்தக் கிழிச்சது எனக்கே தெரியாம போச்சே லா! ஏ வீரம்மா, இங்க வா. ஒன் குடல்வாலத் தேடி ஈப்போலேருந்து ஆளு வந்திருக்கு."

பக்கத்து வீட்டு வீரம்மா வாசற்படியைத் தாண்டி வரவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. "போலீஸுக்கு எழுதுவீங்களா?"

"பேரு மட்டுந்தான் எழுதுவேன். அட்டை நம்பர் எழுத மாட்டேன்" என்றாள் நல்லம்மாள். பிறகு செல்லாயியிடம் திரும்பினாள். "ஒங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"

"பென்சிலின் ஊசி. செத்துப் பொழச்சேன்."

பிப்ரவரியில் செல்லாயி பேரில் வீரம்மா படுத்திருந்தது என் வார்டில். பென்சிலின் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள்தான் கிடங்கிலிருந்து செல்லாயியின் பழைய தாள்கள் வந்தன. 'பென்சிலின் கூடாது' என்று அதில் இருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்த வரியைக் குறுக்கே அடித்தவள் நான்தான். அடுத்த முறை உண்மையான செல்லாயி வந்திருந்தால் கூசாமல் ஊசி போட்டிருப்போம்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன்: "540 போட்டுட்டுப் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதிடு. பாஸாயிடுவ."

"நம்பர் விழுந்துட்டா கோப்பு அலமாரிக்குப் போயிடும்க்கா. குறிப்ப எவனும் படிக்க மாட்டான். நம்பர் இல்லாத கோப்புதான் மேசையிலயே கெடக்கும்."

பதிவேட்டு அறையில் நான்கு வருடம் கோப்பு சுமந்தவள். அவளிடம் வாதாடி என்ன பயன்?

அடுத்த சனிக்கிழமை முப்பத்தொன்பது எண்களோடு எழுந்துவிட்டாள். நாற்பதாவது கோப்பில் 'இவர்கள் இரண்டு பேர்: செல்லாயி, வீரம்மா' என்று ஒரு தாளை மட்டும் குத்தி வைத்தாள். விரிவுரையாளர் ஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்து வம்சம், ஓய்வுபெற்ற பதிவேட்டு அதிகாரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: "பிள்ளை, கோப்பில இருக்கிறதுக்கு நம்பர் போடுறதுதான் உம்மட வேலை. துப்புத் துலக்கிறதில்லை. ஒண்டு வெறுமையா இருந்தாலும் சான்றிதழ் இல்லை. அது விதி."

விதிப்படியே பெயிலாக்கினார். ஆனால் எண் போடாத அந்தக் கோப்பு அவர் மேசையில் இரண்டு வாரம் கிடந்தது. கடைசியில் அவரே அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். நல்லம்மாள் டிசம்பரில் வேலை இழந்தாள். ஆறு மாதம் ஒரு கிளினிக்கில் மருந்துப் பொட்டலம் மடித்துக்கொண்டே மறுபடி படித்தாள். அந்த ஆறு மாதமும் நான் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிட்டேன். ஜூனில் தேறினாள். பதிவேட்டு அறை அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

1985இல் செல்லாயி நுரையீரல் காய்ச்சலோடு என் வார்டுக்கு வந்தாள். இந்த முறை அவளேதான். மூச்சு வாங்கியதில் பேசக்கூட முடியவில்லை. அவளுக்கென்று பிரித்த கோப்பின் முகப்பில் சிவப்பு மையில் 'பென்சிலின் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தது. வேறு மருந்து வாங்கிக் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நல்லம்மாளிடம் சொன்னேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு.

"நிமோனியாவா? 486" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "வார்டுக் கோப்புல ஒங்க கையெழுத்துதாங்க்கா படிக்கவே முடியல. கொஞ்சம் திருத்திக்குங்க."