கடைசி போண்டா யாருக்கு?

இந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச்சே வரவில்லை. வீட்டில் எல்லோரும் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்கள்.

காரணம் என் சிநேகிதி சாந்தாமணி. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் சாஃப்ட்பால் கோச். “சனிக்கிழமை மேட்ச் இருக்குது அம்மணி, வந்து கத்து” என்று போன் பண்ணினாள். போனேன். கத்தினேன்.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு — பேஸ்பாலின் தங்கை. பேரில்தான் சாஃப்ட். முட்டியில் ஒரு தடவை பட்டால் அப்புறம் அந்தப் பேரையே நம்ப மாட்டீர்கள்.

சாந்தாமணியும் நானும் ஒரே காலேஜ் டீமில் ஆடினோம். அவள் கேட்சர். பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்க வேண்டும். அவள் சுண்டுவிரல் இன்னும் கோணல்தான். நான் ரைட் ஃபீல்ட். அங்கே பந்து வருவதே அபூர்வம். படித்த காலம் முழுக்கப் புல் பிடுங்கினேன்.

பந்துக்கு முன்னால் சாந்தாமணி புலி. மைதானத்தை விட்டு வெளியே வந்தால் அவளைப் போல ஒரு அப்பாவி கிடையாது. மேட்ச் முடிந்து பேக்கரிக்குப் போவோம். தட்டில் கடைசி பஃப்ஸ் இருக்கும். “நீ சாப்பிடு அம்மணி” என்பாள். சாப்பிடுவேன். ஒருநாள்கூட மறுத்ததில்லை... எதற்கு அவள் மனசைப் புண்படுத்த வேண்டும்?

இந்தக் குணத்தால்தான் கோச் ஆகி இத்தனை வருஷமாகியும் ‘டெம்பரவரி’யாகவே இருந்தாள். வருஷா வருஷம் கல்லூரி கரஸ்பாண்டென்ட் முன்னால் போய் நிற்பாள். “நீங்களாப் பாத்துச் செய்யுங்கய்யா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அவரும் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வருஷம், “ஒரு மேட்ச்சாவது ஜெயிங்கம்மா. இல்லீன்னா கிரவுண்டுல காலேஜ் பஸ்ஸை நிறுத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டார். டீமே இல்லையென்றால் கோச் எதற்கு?

அந்த டீம் எப்போதும் முதல் ரவுண்டிலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டல் வந்து சேர்ந்துவிடும். பெண்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். கோளாறு ஆட்டத்தில் இல்லை — வளர்ப்பில்!

பந்து உயரே போகிறது. கீழே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி சீனியர் தேன்மொழி. இன்னொருத்தி உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த கோகிலா, ஜூனியர்.

“நீங்க புடிங்கக்கா.”

“பரவால்ல கண்ணு, நீ புடி.”

“ஐயோ, நீங்க இருக்கறப்ப நானுங்களா...”

பந்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் ஒருத்தி “எனக்கு!” என்று கத்த வேண்டும். மற்றவள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ஆட்டத்தின் முறை. ஆனால் ஒரு தம்ளர் காபியை எடுப்பதற்குள் ‘நீங்க எடுங்க, நீங்க எடுங்க’ என்று காபியே ஆறிப்போகிற ஊர் இது. பெரியவளை முந்திக்கொண்டு “எனக்கு!” என்று எந்தப் பெண் கத்துவாள்?

சாந்தாமணி யோசித்தாள். பிராக்டிஸ் முடிந்ததும் நடுவில் ஒரு தட்டு போண்டா வைத்தாள். மற்றதெல்லாம் ஒழுங்காகக் காலியாகும். கடைசி போண்டாவைத் தொட ஆளிருக்காது. அதற்கு அவள் போட்ட சட்டம் — யார் முதலில் “எனக்கு!” என்று கத்துகிறாளோ, அவளுக்கு.

முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு காக்கா வந்து தூக்கிக்கொண்டு போனது. கத்தாமலே!

ஆனால் பசி நல்ல வாத்தியார். ஒரு மாதத்தில் கோகிலா தேறிவிட்டாள். கொஞ்சம் அதிகமாகவே தேறிவிட்டாள் என்று அவள் அப்பா நேரில் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

“ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க? பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. தட்டுல ஒரே ஒரு ஒப்புட்டு மிச்சம். மாப்பிள்ளையோட அம்மா ‘யாராச்சும் எடுத்துக்குங்க’ன்னாங்க... இவ ‘எனக்கு!’ன்னு ஒரு கத்து கத்திப்போட்டு எடுத்துத் தின்னுபோட்டாளுங்க! போனவங்ககிட்டருந்து இன்னும் பதிலே வரலைங்க.”

பக்கத்தில் நின்ற கோகிலா முகத்தில் வருத்தம் எதையும் காணோம். படிப்பை முடிக்காமல் கல்யாணமா என்று அவள் ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாளாம்.

“சனிக்கிழமை மேட்ச்சுக்கு வாங்க, எதுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு தெரியும்” என்று அவரை அனுப்பி வைத்தாள் சாந்தாமணி.

வந்தார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆட்டம் புரியாமல், யார் ஓடினாலும் கை தட்டினார்.

கடைசி இன்னிங்ஸ். நம் டீம் ஒரே ஒரு ரன் அதிகம். எதிர் டீமில் இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் போதும். ஆனால் ரன் எடுக்க ஓடிவரத் தயாராக அவர்களில் இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். ஒரு பந்து கீழே விழுந்தால் மேட்ச் போச்சு... டீம் போச்சு, வேலை போச்சு. சாந்தாமணி கோணல் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடித்தாள் ஒருத்தி. பந்து எங்கே போனது என்கிறீர்கள்? வேறெங்கே... தேன்மொழிக்கும் கோகிலாவுக்கும் நட்டநடுவில்!

“எனக்கூ!”

மைதானமே அதிர்ந்தது. தேன்மொழி சட்டென்று ஒதுங்கினாள். பந்து கோகிலா கையில் பத்திரமாக உட்கார்ந்தது. பிடித்த கையோடு ஓடிப்போய், “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா” என்றாள் தேன்மொழியிடம். வளர்ப்பு எங்கே போகும்?

“அட, இதுக்குத்தானுங்களா!” என்று எழுந்து நின்றுவிட்டார் அவள் அப்பா.

கரஸ்பாண்டென்ட் மைதானத்துக்குள் வந்தார். “நல்லதும்மா. டீம் இருக்கட்டும். உங்க விஷயத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்.

சாந்தாமணி கை கூப்பினாள். “சரிங்கய்யா... நீங்களாப் பாத்து...”

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! பெண்களுக்கு போண்டா வைத்துச் சொல்லிக்கொடுத்தவள், தன் வேலைக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே!

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். கோகிலா.

“மிஸ்! பந்து கீழ வருதுங்க!”

அடுத்த நொடி டீம் முழுக்கக் கத்தியது: “கத்துங்க மிஸ்!” நானும் சேர்ந்துகொண்டேன். தொண்டை போனது மேட்ச்சில் இல்லை, இங்கேதான்.

சாந்தாமணி எங்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கூப்பிய கையை இறக்கினாள்.

“அந்த வேலை எனக்குங்கய்யா. இந்த வருஷமே பர்மனென்ட் பண்ணிக் குடுங்க.”

கரஸ்பாண்டென்ட் ஒரு அடி பின்னால் போனார். தேன்மொழி ஒதுங்கியதைவிட அழகாக ஒதுங்கினார். “திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்கம்மா, ஆர்டர் வாங்கிக்கலாம்” என்றார். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வார்? இன்று காலை ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. போனில் சொன்னாள். எனக்குத்தான் பதில் சொல்லக் குரல் வரவில்லை, அழுகை வந்தது.

மேட்ச் அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் பேக்கரிக்குப் போனோம். தட்டில் கடைசி பஃப்ஸ். வழக்கம்போல அவள் தள்ளி வைப்பாள் என்று காத்திருந்தேன்.

தப்புப் பண்ணிவிட்டேன்.