நெருப்பு பிறந்த இடம்

பழைய கல்யாண பேனரைத் தரையில் விரித்து, ஜாக்கி வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் மல்லாந்து நுழைகிறார் ஆதிலட்சுமி. வெளியே தெரிவது இரண்டு ரப்பர் செருப்பு மட்டும்தான். எங்கும் மோதாமல் நின்ற இடத்தில் கார் எரிந்தால், காரணம் கண்டுபிடிக்க இன்சூரன்ஸ்காரர்கள் வில்லியனூரிலிருந்து இவரைத்தான் அனுப்புவார்கள்.

பாகூர்க் களத்தில் கூடியிருந்தவர்களோ அவர் வருமுன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "இவன் போட்ட வயரிங்தான். வேற இன்னா?" என்றார் காரின் சொந்தக்காரர் சம்மந்தம். போன வாரம் அதற்கு ஹாரன் மாட்டியவன் சுகுமார். சம்மந்தத்தின் கட்டடத்தில்தான் அவன் கடை. அவர் அதைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். வாடகைக்கு இருப்பவன் வாயைத் திறக்க முடியுமா? பிழைப்பே போய்விட்டது என்று நின்றான்.

ஆதிலட்சுமி எரிந்த பக்கம் முதலில் போகவே மாட்டார். தப்பிய பக்கத்தில் தொடங்கிக் கருகிய பக்கம் நகர்வார். மாவு புளித்ததா என்று பார்ப்பதுபோலக் கரியை மோந்து பார்ப்பார். யாராவது பெயர் சொன்னால் கோபம் வரும். "ஆளைச் சொல்லாதீங்கபா. நெருப்பு எங்க பொறந்துச்சி, அதச் சொல்லுங்க."

முன்பக்கம் அரைகுறையாகத்தான் வெந்திருந்தது. ஹாரன் வயரை முனைவரை விரலால் தடவிப் பார்த்திருந்தார். சுகுமார் சுற்றிய டேப்கூட உருகவில்லை. தன் வேலையைத் தானே அவன் இத்தனை பொறுமையாகப் பார்த்ததில்லை. 'இந்தம்மா மனுசிதானா?' என்று மலைத்துப்போனான்.

காரடியிலிருந்து ஒரு கை நீண்டது. சைலன்சர் குழாயில் கயிறாக முறுக்கிக் கிடந்த கருகிய கொடி அதில் இருந்தது.

"உளுந்து எங்க போட்டீங்கய்யா?"

"ரோட்டுலதான். வண்டிங்க ஏறுனா தானா உதிரும்ல?" சம்மந்தத்தின் குரல் இறங்கியது. "நானும் நாலு சுத்து ஓட்டுனேன். ஓட்டிட்டு வந்து இங்க நிறுத்துனேன்."

"கொடி குழாய்ல சுத்திக்கிச்சி. அந்தச் சூட்டுல கனிஞ்சி, நின்னதும் பத்திக்கிச்சி. கீழதான் பொறந்துருக்கு."

களத்து ஓரம் குவிந்திருந்த தன் உளுந்தைச் சம்மந்தம் ஒருமுறை பார்த்தார். சுகுமாரின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. மடியிலிருந்து சாவியை எடுத்து, எழுந்து நின்ற ஆதிலட்சுமியிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. கரி படிந்த விரலால் சுகுமாரைக் காட்டிவிட்டு, குனிந்து பேனரைச் சுருட்டத் தொடங்கினார்.