நண்பர்கள் பக்கத்தில் முதல் பெயர்

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்டீபன்ராஜுக்கு ஒரு கெட்ட பழக்கம். தனக்குச் சொந்தமாக வெப்சைட் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் விடமாட்டான். காலேஜ் நாளில் குமரேசன் உருவாக்கிக் கொடுத்த சைட் அது. இவன் போட்டோ, போன் நம்பர், பிடித்த பக்கங்களின் லிங்க், அடியில் ‘என் நண்பர்கள்’ என்று நாலைந்து பேருடைய சைட்டுகள். முதல் பெயர் குமரேசன். போட்டதோடு சரி, அந்த லிங்குகளை ஒருநாளும் அவன் தொட்டுப் பார்த்ததில்லை.

தங்கை பவுலினின் நிச்சயத்தன்றாவது வாய் சும்மா இருந்ததா? மாப்பிள்ளையின் பெரியப்பா தொம்மைக்குப் பெருமையாக அட்ரஸை அனுப்பிவைத்தான். கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்குள் பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்து குமரேசன் பெயரைத் தட்டியிருக்கிறார். திரை முழுக்க அம்மணப் படங்கள். பக்கத்தில் அவருடைய மருமகள் வேறு.

“இதான் உன் சிநேகிதமா? சாயங்காலம் சர்ச் சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தச் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டார்.

ஓலை பாதியில் நின்ற பெண்ணை இனி யார் கேட்டு வருவார்கள்? பவுலின் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். லிங்கை எடுக்க ஸ்டீபனுக்கு பாஸ்வேர்டு தெரியாது. ஓடிபியோ எப்போதோ கைவிட்ட நம்பருக்குப் போகிறது. குமரேசனுக்குத்தான் தெரியும், அவன் போனும் உபயோகத்தில் இல்லை. பாவி, இந்தத் தொழிலுக்கா இறங்கினான் என்று திட்டிக்கொண்டே விழுப்புரம் பஸ் ஏறினான். கடவுளே, அவன் வீட்டில் இருக்க வேண்டும்.

கதவைத் திறந்தது குமரேசனின் மனைவி சித்ரா.

“அவரு போய் ரெண்டு வருஷம் ஆவுதுங்கண்ணா. கிட்னி. உங்க சைட்டுல இருந்த நம்பருக்கு எத்தினி வாட்டி போன் போட்டேன் தெரியுமா? யாரோ எடுத்து ராங் நம்பர்னாங்க.”

ஸ்டீபன் பவுலின் கல்யாணச் சிக்கலைச் சொல்லி, பாஸ்வேர்டைத்தான் கேட்டான்.

“அதெல்லாம் அவரு மனசுலயே வச்சிக்கினு போய்ட்டாரு. அவரு சைட்டுக்கும் நான் பணம் கட்டல. அந்த சைட்டுப் பேரை எவனோ வாங்கிக்கினு அசிங்கம் பண்றானாம். உக்காருங்க, காபி போட்டாறேன்.”

அவள் உள்ளே போனதும் போன் அடித்தது. தொம்மை.

“சாமியார் வூட்டு வாசல்ல நிக்கிறேன். அந்தக் குமரேசன் உனக்கு யாரு?”

“அந்த சைட்டை வேற யாரோ…”

“கதை உடாத. சிநேகிதனா, இல்லியா? ஒரே வார்த்தை.”



“இல்லீங்க. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. எவனோ என் சைட்டுல பூந்து அந்தப் பேரைப் போட்டுட்டான்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஞாயித்துக்கெழமை ஓலை வாசிப்பாங்க, போ.”

திரும்பினான். சித்ரா காபி டம்ளரோடு நின்றிருந்தாள்.

“கல்யாணம் நின்னுடக் கூடாதில்ல. நான் ஒண்ணும் நெனைக்கலண்ணா” என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஸ்டீபனும் சொல்லாமல்தான் கிளம்பினான். ஆனால் துக்கத்தைத்தான் அவன் விசாரிக்கவே இல்லை.