சேவியர் அண்ணேயும் ஒரு ழகரமும்

போன சனிக்கிழமை மத்தியானம் பங்சாரில் என் ஆபீஸுக்கு சேவியர் அண்ணே வந்தார். யாரையோ திட்ட வேண்டுமாம். இன்டர்நெட்டில் திட்ட வேண்டுமாம். அதற்கு என் கம்ப்யூட்டர் வேண்டுமாம்.

சேவியர் அண்ணே யாரென்று கிள்ளான் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக... பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். இருபது வருடமாக நம் கல்யாண டின்னர்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவர். மூன்று கேசட் போட்டிருக்கிறார். கேட்டால் தூக்கம் வராதவர்களுக்கும் கண் சொக்கும், அப்படி ஒரு குரல்.

ஒரே ஒரு குறை. 'ழ' வராது. வாழைப்பழம் அவர் வாயில் வாலைப்பலம். முதல் கேசட் வந்தபோது ஒரு வாசகர் இதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கிண்டலடித்தார். அண்ணே அந்தக் கடிதத்தை இன்னும் மறக்கவில்லை.

நாலாவது கேசட்டுக்குப் பாட்டெல்லாம் தயார். வாங்கத்தான் கடைக்காரர்கள் தயாராக இல்லை. அவருடைய பழைய பாட்டை யாரோ நெட்டில் போட்டுவிட்டார்களாம். சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்கிறார்களாம்.

"கீபோர்ட விக்கச் சொல்லிட்டேன் தங்கச்சி. இனிமே பாட்டு வேணாம்லா. ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி அவன நாலு வார்த்த கேட்டுட்டு நிறுத்துறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

டெலிபோன் லைன் கீச் கீச்சென்று கத்தி ஒருவழியாக இணைப்பு கிடைத்தது. கனடாவில் யாரோ நடத்தும் தமிழ்ப் பாட்டுப் பக்கம். அதில் அண்ணேயின் 'மழையே, கொஞ்சம் கிட்ட வா' இருந்தது. திட்டுவதற்கு முன் கேட்டுப் பார்த்துவிடலாமே என்று இறக்க ஆரம்பித்தோம். முக்கால் மணி நேரம்! பாட்டு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வழக்கமான நாலு மணி மழையும் பிடித்துக்கொண்டது.

காத்திருந்த நேரத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் ரசிகர்கள் எழுதியிருந்ததை உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நீளமான கடிதம், ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணேவுக்காகச் சத்தமாக வாசித்தேன்.

"அன்பான அண்ணா, நான் யாழ்ப்பாணத்துப் பொம்பிளைப் பிள்ளை. இப்ப நோர்வேயிலை இருக்கிறன். என்ர யன்னலுக்கு முன்னாலை ஒரு பெரிய மழை நிக்குது. அதின்ர தலையிலை எப்பவும் பனி..."

நிறுத்திவிட்டேன். மழைக்கு ஏது தலை?

அப்புறம்தான் உறைத்தது. ஆங்கில எழுத்தில் 'malai' என்று அவள் எழுதியது மழை இல்லை, மலை. கேசட் அட்டையில் 'மழை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நெட்டில் ஏது அட்டை? காதில் விழுந்ததுதான் பாட்டு. அடுத்த அடியிலாவது தண்ணீர் இருக்கிறதா? 'நானும் எங்கேயும் போகலே, நீயும் போகாதே' என்றுதான் வருகிறது.

மறுபடி வாசித்தேன்.

"எங்கட ஊரிலை மலையே இல்லை. வந்த நாள் தொட்டு இதைப் பாக்கப் பயம். கர்ட்டினை மூடித்தான் வைச்சிருந்தனான். நீங்கள் மலையைக் கிட்ட வா எண்டு கூப்பிட்டதைக் கேட்டாப் பிறகுதான் திறந்தனான். இப்ப காலமை எழும்பினதும் அதைத்தான் பாக்கிறன். அண்ணா, நீங்கள் எந்த மலையைப் பாத்துப் பாடினீங்கள்? இன்னும் பாட்டு இருக்கோ?"

பாட்டு முழுதாக இறங்கி, தானாகப் பாட ஆரம்பித்தது. கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் மழையில் கரைந்து போயிருந்தன. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று பெரிதாக, மெதுவாக, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மழையா, மலையா... எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"திருத்திடவா அண்ணே? மழைதான்னு எழுதிடவா?"

அண்ணே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணாம்லா. எழுது... ஆமாம்மா, மலதான். எங்க வீட்டுக்கு எதிர்லதான் நிக்குது. இன்னும் பத்துப் பாட்டு இருக்கு."

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஏது மலை? சொன்னதை அப்படியே டைப் அடித்தேன்.

"திட்டணும்னு சொன்னீங்களே?"

"அவனுக்கு ஒரு தேங்ஸ் போட்டுடு."

எத்தனை கேசட் விற்றது என்று கடைக்காரர்கள் இருபது வருடமாக அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு யார் வீட்டு ஜன்னலைத் திறந்தது என்று யார் சொன்னார்கள்? நெட் அவர் வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறதே, அதை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை அண்ணே மறுபடி வந்தார். கீபோர்டு வீட்டில்தான் இருக்கிறதாம். டின்னர்களில் பாடி முடித்து, மேடையிலிருந்து இறங்கி, நாலாவது கேசட்டை மேசை மேசையாகத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். அதில் ஒரு பாட்டை மட்டும் நெட்டில் அவரே போட வேண்டுமாம், சும்மாவே.

"மொதல்ல கேட்டுப் பாரு தங்கச்சி. எங்கயாச்சும் நாக்கு சறுக்கியிருந்தா சொல்லு, திரும்பப் பாடிடறேன்."

கேட்டேன். சறுக்கிய இடங்களை விரல் விட்டு எண்ணினேன். ஏழு. ஒன்றையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஏழையும் அவர் 'ஏலு' என்றுதான் சொல்வார்.