அசையாத தண்ணீர்

பிள்ளைகளா, காலையில் நீங்கள் பல் தேய்த்தபோது வந்த பேஸ்ட் வாசனை எனக்குள் பழைய நினைவைக் கிளறிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம் இருந்தது. அந்தச் சடக் சடக் சத்தத்துக்கு நடுவே, பழைய கம்ப்யூட்டரில் அக்கா கல்யாண சிடியைப் போட்டு, இறந்துபோன அம்மா பந்தியிலிருந்து திரும்பி என்னிடம், “ஏலே, சாப்பிட்டியா?” என்று கேட்பதற்காகவே தினமும் காத்திருப்பேன். அவள் குரல் வேறெதிலும் இல்லை.

கம்ப்யூட்டரைத் தறிச்சுவரை ஒட்டி மாற்றிப்போட்ட மறுநாள் படம் சிக்கிச் சிக்கி நின்றது. கீறல்தான் என்று நினைத்து, கீறல் மறைய எல்லோரும் செய்வதுபோல் பற்பசையைத் தடவி, சிடியை வட்டவட்டமாக அழுத்தித் தேய்த்தேன். பழுது பார்க்க வந்த அண்ணாச்சி மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தார். தண்ணீர் நடுங்கியது.

“தறி ஓடுதுல்லா, மேசையே ஆடுது. சிடிய எதுக்குலே தேச்ச?”

மதியம் தறி நின்றதும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஓடியது, நான் தேய்த்ததில் அம்மா திரும்பும் இடம் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறியது, குரலும் வரவில்லை.

தறிக்கூடத்தை இடித்து வருஷங்கள் ஆகின்றன. இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், அதே மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.