மஞ்சள் உடைக்காரியின் தம்பி

அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் சினிமா தியேட்டரில் டிக்கெட்டைக் கிழித்து, டார்ச் அடித்து இருக்கை காட்டுவாள். கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் தூங்குவான். அதனால் வீட்டில் பேச்சு என்றாலே கிசுகிசுப்புதான். அங்கே விழுங்கிய வார்த்தைகளை எல்லாம் சலவைக்கூடத்தில் கொட்டித் தீர்ப்பாள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். டார்ச் அக்காவுக்கு ஜோடி அவள் தங்கை. விலகி நடக்கும்போது கதாநாயகிக்கு ஒரு சிக்கல் வரும், நெருங்கி வரும்போது அது இன்னும் பெரிதாகும். இப்படியே பதினோரு வருடமாகப் படக்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மேற்பார்வை அம்மாள் கண்டும் காணாமல் இருந்துவிடுவாள். நல்ல கதை ஓடுகிற நாளில் மடித்த விரிப்பின் அடுக்கு மளமளவென்று ஏறுவது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெரிய படம் வந்தது. வாசலில் கூட்டம் முட்டி மோதியது. த்ரீடி கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்தே டார்ச் அக்காவுக்கு விரல் மரத்துப் போனது. மறுநாள் காலை சலவைக்கூடத்தின் பத்தொன்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“என்னக்கா கதை?” என்றாள் தங்கை.

“கடலுக்கு அடியில ஒரு கண்ணாடி ஊரு இருக்கு.”

“சரி.”

“அது உடையுது.”

“ஏன் உடையுது?”

“உடையுதுடி, அவ்வளவுதான்.”

விரிப்பு காற்றில் பாதியில் நின்றது. “ஹீரோ என்னதான் சொல்றான்?”

“‘ஓடு’ங்கிறான்.”

“அப்புறம்?”

“‘இன்னும் வேகமா ஓடு’ங்கிறான்.”

இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “இதுக்கா ஊரே வரிசையில நிக்குது?”

“கவரு ஜோரா இருக்குண்ணே. உள்ள லெட்டரு இல்ல.”

அன்று மடித்த அடுக்கு இடுப்பளவுகூட ஏறவில்லை. மேற்பார்வை அம்மாளே வந்து, “உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். டார்ச் அக்காவுக்கு மானம் போனதுபோல் இருந்தது.

மூன்றாவது நாள், தன் வழக்கமான இடமான பக்கவாட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகரம் உடையத் தொடங்குகிறது. தப்பித்துப் படகில் ஏறிவிட்ட கதாநாயகன் எதற்கென்றே சொல்லாமல் திரும்பி நீந்துகிறான். அப்போது ஒரு மாடி ஜன்னலில் மஞ்சள் உடை போட்ட ஒரு பெண் நிற்கிறாள். நாலு நொடி. அவ்வளவுதான், அலை மூடிவிடுகிறது. இவள் யார்? இவளுக்காகத்தான் திரும்பினானா? டார்ச் அக்காவின் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“முதல்ல நான் சரியா கவனிக்கல,” என்று மறுநாள் ஆரம்பித்தாள். “மஞ்ச உடை போட்டு ஒருத்தி ஜன்னல்ல நிக்கறா, அவ ஹீரோவோட அக்கா. அம்மா போன பிறகு அவதான் வளர்த்தா. வீட்டுப் பங்குல ரெண்டு பேருக்கும் தகராறு. ஆறு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. போன மாசம் அவன் சமாதானமாப் போகலாம்னு வந்து தெருவில நிக்கறான். அவ பாத்துட்டு ஜன்னல படார்னு சாத்திடறா.”

“பாவி,” என்றாள் தங்கை.

“இப்ப தண்ணி வருது. அதே ஜன்னலத் திறந்து வெச்சுட்டு அவ நிக்கறா. ஓடல. தம்பி வருவான்னு நிக்கறா.”

விரிப்பு மடிக்கிற இடத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுநாள் இஸ்திரி அண்ணன் முகம் பளபளக்க வந்தார். ஏழு வருடமாகப் பேசாத தன் அக்காவுக்குப் போன் போட்டாராம். “ஒரு மணி நேரம் திட்டு. மூச்சு விடாம திட்டினா. என்னா குரலு, அப்படியே இருக்கு,” என்று பரிசு வாங்கியவர்போல் சொன்னார்.

புதன்கிழமை கொதிகலன் சோதனை, சலவைக்கூடத்துக்கு விடுமுறை. பத்தொன்பது பேரும் மதியக் காட்சிக்கு வந்து இறங்கினார்கள்.  டார்ச் அக்கா யார் கண்ணையும் பார்க்காமல் டார்ச் அடித்து, நடு வரிசையில் உட்கார வைத்தாள்.

அந்த நாலு நொடி வந்தது. நடு வரிசை மொத்தமும் ஓவென்று அழுதது. மற்றவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து மேனேஜர் ஓடிவந்தார்.

படம் முடிந்ததும் முன்கூடத்தில் மேற்பார்வை அம்மாள் மேனேஜரை மடக்கினாள். “ஜன்னல் சாத்துற சீனை ஏன் வெட்டினீங்க?”

“எந்த ஜன்னல்?”

“அக்கா தம்பி தகராறு, வீட்டுப் பங்கு. ஒண்ணையும் காணோமே.”

“இந்தப் படத்துல வீடே கிடையாதும்மா. எல்லாம் கோபுரம்.”

பத்தொன்பது தலைகளும் ஒரே நேரத்தில் டார்ச் அக்கா பக்கம் திரும்பின. அவள் கண்ணாடிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.  இஸ்திரி அண்ணன்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. “இனிமே படத்துல இருக்கறத மட்டும் சொல்லுங்க.”

“இதுல என்னங்க சார் இருக்கு?”

அவர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.  பிறகு, “நீங்க இத எங்கேயிருந்து பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“கதவோரத்துல இருந்து.”

“பதினோரு வருஷமாவா? அங்கேயிருந்து பாத்தா படம் நசுங்கி, திமிங்கலமே பெல்ட்டு மாதிரி தெரியுமே. கண்ணாடியாவது போட்டிருக்கீங்களா?”

துடைத்திருக்கிறாள், போட்டதில்லை. மேனேஜர் அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டார். அடுத்த காட்சிக்கு நடு வரிசையில், தங்கைக்கும் இஸ்திரி அண்ணனுக்கும் இடையில் அவளை உட்கார வைத்தார்கள்.

கடல் அவள் மடிமேல் இறங்கியது. டார்ச் அக்கா காலைத் தூக்கிக்கொண்டாள். கண்ணாடிக் கோபுரங்கள் அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போயின. திமிங்கலம் வந்தது. பெல்ட்டா அது? அதன் கண் மட்டுமே ஒரு வீடு அளவு இருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது, அவளை மட்டும். அவள் தங்கையின் கையை நகம் பதியப் பிடித்தாள். உள்ளங்கால் கூசியது, தலை சுற்றியது, காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சின்ன மீன், நெருப்புத் துண்டு மாதிரி, மூக்கு நுனிவரை வந்து திரும்பியது. அவள் கையை நீட்டிப் பிடிக்கப் போய், முன்சீட்டுக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டாள். அவரும் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவே இல்லை.

விளக்கு எரிந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

“மஞ்ச உடைக்காரி வந்தாளா?” என்றாள்.

“வந்தா, போனா. நாங்க திரும்பவும் அழுதாச்சு,” என்றாள் தங்கை. “நீ மீனப் பாத்துட்டிருந்தே.”

“அப்படியா?” டார்ச் அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. “நாலு நொடி தானே. மீனு எவ்வளவு நேரம் இருந்துச்சு தெரியுமா?”

“அப்ப கதை வேணாமாக்கா?”

“வேணாம்னு யார் சொன்னா? உனக்கு அது இருந்ததாலதானே அழுகை வந்துச்சு. எனக்கு மீனப் பாத்தே வயிறு நிறைஞ்சிருச்சு, இப்போதைக்கு எதுவும் இறங்காது.”

பஸ் நிறுத்தம்வரை இரண்டு பேரும் இதையே பேசிக்கொண்டு போனார்கள். கதையா, காட்சியா என்று தங்கை விடாமல் கேட்டாள். டார்ச் அக்கா ஒரு நேரம் இது என்றாள், ஒரு நேரம் அது என்றாள். நடுவில் திமிங்கலம் போன வழியைக் கையை வீசிக் காட்டப் போய் வரிசையில் நின்றவரை இடித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வீசினாள். அவர்களுக்கான பஸ் வந்து, நின்று, போய்விட்டது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.