ரெஜீன் எறிந்த பூஞ்சை

குதிரைச் சாணத்தைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் ரெஜீன் பிளான்ஷாருக்குப் பிடிக்காது. அவளுடைய பிழைப்பே அதில்தான் ஓடியது. பாரிசுக்குத் தெற்கே, இவெத் பள்ளத்தாக்கில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில், நான் பழ ஈக்களோடு மாரடித்த அறைக்கு அடுத்த அறை அவளுடையது. சாணத்தை நீராவிக் கலனில் வேகவைக்கும் நாட்களில் நடைபாதை முழுக்கக் குதிரை லாயமாக மணக்கும். யாராவது மூக்கைப் பொத்தினால், "ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு, குதிச்சிக்கோ" என்பாள்.

அந்தச் சாணத்தில் முளைக்கும் ஒரு சின்னப் பூஞ்சைதான் அவள் இருந்த குழுவின் ஆராய்ச்சி. பெரும்பாலான பூஞ்சைகள் தீனி இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும். இது அப்படி இல்லை, மூப்படைந்து செத்துப்போகும். நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வைத்தால், வெள்ளை நூல் நூலாக மறுமுனையை நோக்கி நகரும். கொஞ்ச நாளில் முன்விளிம்பு கறுத்து நின்றுவிடும். முன்னால் தீனி அப்படியே கிடக்கும். செல்லுக்குள் மூச்சு விடுகிற மைட்டோகாண்ட்ரியா பழுதாவதுதான் இதற்குக் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது எப்படி நடக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியுமா என்பதில்தான் உலகம் முழுக்கப் போட்டி. புது ரகங்களை உருவாக்குவதும், குழாய்களில் வளர்ப்பதும், விளிம்பு எதுவரை வந்தது என்று கண்ணாடிமேல் கோடு போடுவதும் ரெஜீனின் வேலை.

ஒடீல் வஸ்ஸேர் அதே குழுவுக்கு ஆராய்ச்சியாளராக, தற்காலிக ஒப்பந்தத்தில் லீல் நகரத்திலிருந்து வந்தவள். வந்த வருடமே அவள் புருஷன் விவாகரத்துக் கேட்டான். ரயில் பாதையோரம் ரெஜீனுக்கு அப்பா விட்டுப்போன வீடு இருந்தது. "மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. உனக்கு அழணும்னா அங்க வந்து அழு, லேப்ல அழுது என் குழாயை நனைக்காதே" என்று சொல்லிக் கூட்டிப்போனாள். ஒடீல் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருந்தாள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் வாளியோடு குதிரையேற்றப் பள்ளிக்குப் போய்ச் சாணம் அள்ளி வருவார்கள்.

"சாணம் அள்ளின கையாலயா சாலட் கழுவுறே?" என்று ஒடீல் கேட்பாள்.

"அதான் ருசியா இருக்கு. பேசாம சாப்பிடு."

கோடையில் சேர்ந்தே நார்மண்டி கடற்கரைக்குப் போனார்கள். ரெஜீனுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஒடீலைத் தங்கை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் வீட்டுச் சாவி ஒன்று நிரந்தரமாக ஒடீலிடம் இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு குழாயில் மட்டும் பூஞ்சை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமான கறுப்பு வித்துக்குப் பதிலாகப் பச்சை வித்து வரும்படி ரெஜீன் தானே கலந்து எடுத்த ரகம் அது. அதோடு தொடங்கிய மற்ற குழாய்கள் எல்லாம் செத்துக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இது மட்டும் வெளிறிப்போய், ஆமை மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது. குழாய் தீர்ந்துவிட, முன்விளிம்பிலிருந்து துளி எடுத்துப் புதுக் குழாயில் வைத்தாள். அதிலும் போனது. அவள் என் அறைக்கு வந்து, "என்கிட்ட ஒண்ணு இருக்கு, சாக மாட்டேங்குது" என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் அவள் முகத்தில் நான் பார்க்கவில்லை.

ஆனால் குழாயை அவள் முதலில் கொண்டுபோய்க் காட்டியது ஒடீலிடம்தான். ஒடீலிடம் விரல் அளவு கண்ணாடி அறை ஒன்று இருந்தது. பூஞ்சையை உள்ளே போட்டு மூடினால், அது ஆக்சிஜனை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று முள் காட்டும். ஒரு துளி சயனைடு விட்டால் சாதாரணப் பூஞ்சையின் மூச்சு ஏறக்குறைய நின்றுபோகும். ஒடீல் தனியாக இருந்து அதைச் செய்தாள். மறுநாள் காலை காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெஜீன், மனசு விட்டுடாதே. அது நம்மோடது இல்ல. வெளிப் பூஞ்சை ஏதோ கலந்திருக்கு."

"கலப்பா? என் குழாய்லயா?"

"யாருக்கும் நடக்கிறதுதான்."

"பழைய ரகத்தோட சேர்த்துப் பாக்கறேன். வித்து பிடிச்சா நம்மோடதுதானே?"

"வீண் வேலை. மத்த குழாய்க்கும் பரவிடும். இன்னிக்கே தூக்கிப் போட்டுடு."

ரெஜீன் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தாள். பிறகு எல்லாவற்றையும் எடுத்து நீராவிக் கலனில் போட்டு மூடினாள். தன் கைச்சுத்தம் போய்விட்டதே என்று வெட்கப்பட்டு, அந்த வாரம் அலமாரிகளை எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஒடீலும் கூட நின்று துடைத்தாள்.

வசந்த காலத்தில் ஒடீலுக்கு ஜெர்மனியில் சொந்தக் குழுவோடு வேலை கிடைத்தது. புறப்படும் நாளில், தன் ரகங்கள் இருந்த ஐஸ் பெட்டியைக் காரில் வைக்கச் சொல்லி அவள் ரெஜீனிடம் கொடுத்தாள். கனமாக இருந்ததால் ரெஜீன் அதை மார்போடு அணைத்துத் தூக்கிப்போய்க் காரில் வைத்தாள். அது சாயாமல் இருக்கத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தாள். அந்தச் சட்டை திரும்பி வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒடீல் எங்களிடம் உரை நிகழ்த்த வந்தாள். ரெஜீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் முயல் சமைத்து வைத்திருந்தாள். விளக்கை அணைத்து ஒடீல் படங்களைக் காட்டத் தொடங்கினாள். புதிய ரகம் ஒன்று கிடைத்திருக்கிறது என்றாள். வழக்கமான மூச்சுப் பாதை அதில் உடைந்திருக்கிறது. சயனைடு கொடுத்தாலும் அடங்காமல் மாற்றுப் பாதையில் மூச்சு விடுகிறது. அதனால் நச்சுக் கழிவு குறைகிறது, மைட்டோகாண்ட்ரியா சீக்கிரம் கெடுவதில்லை. மெதுவாக வளரும், வித்து அபூர்வமாகத்தான் பிடிக்கும், ஆனால் சாவு வெகுவாகத் தள்ளிப்போகிறது. அடுத்த படத்தில் அந்த அபூர்வ வித்துகள் வந்தன. பச்சை.

ரெஜீன் கையைத் தூக்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்: "அது எங்க கிடைச்சது?"

"எங்க குழாய்கள்ல, தானா வந்தது" என்றாள் ஒடீல், திரையைப் பார்த்துக்கொண்டே.

உரை முடிந்ததும் காப்பி இயந்திரத்தருகே ரெஜீன் அவளைப் பிடித்தாள். நான் கையில் கோப்பையோடு மாட்டிக்கொண்டேன்.

"எப்போ எடுத்தே?"

ஒடீல் மழுப்பவில்லை. "சயனைடு விட்டும் முள் நிக்கலன்னு தெரிஞ்ச அன்னிக்கே. ஒரு துளி."

"எல்லாம் தெரிஞ்சேதான் என்னைத் தூக்கிப் போடச் சொன்னியா?"

"அப்போ என் ஒப்பந்தம் முடியற நேரம், ரெஜீன். உனக்கு நிரந்தர வேலை. உன்னை யாரும் வெளிய தள்ள மாட்டாங்க. எனக்கு அது ஒண்ணுதான் இருந்தது."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"நீ குடுப்பே. லக்கோம்ப் குடுத்திருப்பாரா?"

லக்கோம்ப் எங்கள் தலைவர். ரெஜீன் நேராக அவர் அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். ஒடீல் போன வருடமே தன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், வெளிவரப்போகும் கட்டுரையில் தன் பெயரும் இருப்பதாகவும், கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் ரெஜீன் பெயரைச் சேர்க்கலாம் என்றும் சொன்னார்.

"ஒரு வருஷமா இதைத் தெரிஞ்சு வெச்சுகிட்டே தினம் காலையில என் கையைக் குலுக்கினீங்களே" என்றாள் ரெஜீன். "என் பேரு எங்கயும் வேணாம்."

வீட்டுக்குப் போய் முயலைச் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் ஆள் வைத்துக் கதவின் பூட்டை மாற்றினாள். ஒடீலிடம் இருந்த சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. புகார் செய் என்று நானும் வேறு சிலரும் சொன்னோம். "யார்கிட்ட? லக்கோம்ப்கிட்டயா?" என்று கேட்டாள். திருடு போனது பூஞ்சை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், தன் கையே அழுக்கு என்று தன்னையே நம்பவைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று ரயிலில் ஒருமுறை சொன்னாள்.

குளிர்காலம் முடிவதற்குள் மாணவர்களின் செய்முறைக் கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை அங்கே வெங்காயத் தோலும் ரொட்டி ஈஸ்ட்டும்தான். மாணவர்களுக்கு அவளிடம் பயம், ஆனால் பிடிக்கும். எங்களோடு சீட்டாட வருவாள். பூஞ்சை அறைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள்.

ஓய்வு விருந்தன்று உணவகத்தில் ஷாம்பெயின் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒடீல் உள்ளே வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. தலை நரைத்திருந்தது, கையில் பெரிய பூங்கொத்து. ரெஜீன் பூங்கொத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. நீங்க ஏதாவது குடிக்கிறீங்களா?"

அந்த 'நீங்க' விழுந்ததும் ஒடீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிப்போனாள். ரெஜீன் பூக்களைத் தண்ணீரில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, கேக் வெட்டப் போனாள்.